நின்றால் போய்விடும் வலி

டிசம்பர் 2, திங்கள்

கோமதிநாயகத்தைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

கோமதிநாயகம் என் சகலை. என் மனைவி வடிவின் தங்கை புருஷன். நேற்று சங்கரன்கோவிலில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டதும், "அண்ணாச்சி, தொந்தி இலைய மறைக்கி பாத்துக்கிடுங்க" என்றான். இரண்டு வரிசையும் சிரித்தது. பரிமாறுகிறவன்கூடச் சிரித்தான்.

போன குடியரசு தினத்தன்று நடந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடி அவன் ஒரு மெடல் வாங்கினான். குடும்ப வாட்ஸப் குழுவில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு கோணத்தில் படம் போட்டான். ஓடி முடித்த எல்லாருக்கும் அதே மெடல்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை. அதற்காக ஓட முடியாதா என்ன? வருகிற குடியரசு தினத்திலும் அவன் ஓடுகிறானாம். அதே ஓட்டத்துக்கு இன்றே போனில் பெயர் கொடுத்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வடிவு, "எனக்கும் சேத்துப் போடுங்க" என்றாள்.

"உனக்கு என்னத்துக்கு?"

"சும்மாதான். வீட்ல இருந்து என்ன செய்ய?"

சும்மா எதையும் செய்கிறவள் இல்லை. இருந்தாலும் போட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஷூ வாங்கியாயிற்று. யூடியூபில் பயிற்சி முறையும் பார்த்தாயிற்று. ஐந்து கிலோமீட்டருக்கு வேகம் வேண்டுமென்றால் இன்டர்வல் பயிற்சிதான் வழியாம். எனக்குத் தெரிந்த இன்டர்வல் தியேட்டரில் முறுக்கு வாங்குகிற நேரம். இது வேறு. மைதானத்தை ஒரு சுற்று உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். பிறகு அரைச்சுற்று நடந்து மூச்சு வாங்க வேண்டும். மறுபடி ஒரு சுற்று ஓட வேண்டும். மறுபடி நடை. இப்படியே ஓடி ஓடி நின்றால் இதயம் பலப்படும் என்று அந்த வீடியோப் பையன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

கடைக்கு இரண்டு பிரேம் பெட்டி வந்தது. ஒன்றில் கால்கள் எல்லாம் வளைந்து கிடந்தன. திருப்பி அனுப்பினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முதல் பயிற்சி. மைதானத்தில் நல்ல கூட்டம். வடிவு சுடிதாரும் மகள் விட்டுப்போன ஷூவும் போட்டுக்கொண்டு வந்தாள். பயிற்சி முறையை அவளுக்கு விளக்கினேன். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது சுற்றில் இடது பக்கம் கீழ்த்தாடையில் ஒரு வலி. யாரோ திருகாணி வைத்துத் திருகுவதுபோல. நடக்க ஆரம்பித்ததும் குறைந்து, கொஞ்ச நேரத்தில் போயே போய்விட்டது. நாலாவது சுற்றில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. நின்றதும் போயிற்று. கடைவாய்ப் பல்லாகத்தான் இருக்கும். குலுங்கும்போது வலிக்கிறது.

வடிவு எல்லாச் சுற்றிலும் எனக்கு ஏழெட்டு அடி பின்னாலேயே வந்தாள். பாவம், ஓடிப் பழக்கமில்லாதவள். ஆனால் முடித்தபோது நான் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்கிறேன், அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. அது எப்படி என்று புரியவில்லை.

"என்ன, தாடையப் பிடிக்கிய?" என்று கேட்டாள்.

"பல்லு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் அப்படி என்ன இருக்கிறதோ.

டிசம்பர் 12, வியாழன்

மழை. ஓடவில்லை. கடைக்கு ஒரே ஒருவர் வந்தார், அதுவும் ஸ்க்ரூ முறுக்க.

டிசம்பர் 17, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். எக்ஸ்ரே எடுத்தாள். சொத்தை இல்லை, ஈறு வீக்கம் இல்லை, பல்லில் ஒன்றுமே இல்லையாம். வேறு ஏதோ சொன்னாள். சரி சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றும் இல்லாத பல் ஏன் வலிக்க வேண்டும்? வீட்டில் "பல்லு நல்லாத்தான் இருக்காம்" என்றேன். "நல்லாருந்தா ஏன் வலிக்கி?" என்று வடிவும் அதையே கேட்டாள். பல்லில் ஒன்றும் இல்லை என்றதற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முகம் இன்னும் சுருங்கிப் போயிற்று.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று ஒரு அதிசயம். நான் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தேன். "நீ ஓட ஆரம்பி, வாறேன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் வடிவு மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறாள். காலேஜ் பையன்கள் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போகிறாள். பின்னல் நேராகப் பின்னால் பறக்கிறது. நான் எழுந்து ஓடத் தொடங்கியதும் எப்படியோ மறுபடி எனக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"நீ முன்னால ஓடலாம்லா?"

"எனக்கு இதுதான் வசதி."

"இவ்வளவு வேகமா எங்க கத்துக்கிட்ட?"

"பள்ளிக்கூடத்துல ரிலே ஓடுனேன். ஜில்லா வரைக்கும் போனோம்."

இருபத்தேழு வருடக் குடித்தனம். ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கவே இல்லையே" என்கிறாள். உனக்கு ரிலே ஓடத் தெரியுமா என்று எந்தப் புருஷன் கேட்பான்?

அவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்தவள் ஏன் என் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறாள் என்பது புரியவே இல்லை. எனக்கு விட்டுக்கொடுக்கிறாளா? அப்படியென்றால் அது எனக்கு அவமானம்.

பல் வலித்தது. இன்று இரண்டாம் சுற்றிலேயே.

டிசம்பர் 28, சனி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தபோது வடிவு அடுக்களையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்ல, இன்னும் ஒத்துக்கிட மாட்டேங்காவ" என்றது காதில் விழுந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டாள். யார் என்றேன். தங்கச்சி என்றாள். அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். தங்கச்சி இல்லை. கோமதிநாயகம். இந்த வாரத்தில் இது மூன்றாவது அழைப்பு.

என் வேகம், எத்தனை சுற்று ஓடுகிறேன், எங்கே திணறுகிறேன் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்? கட்டின பெண்டாட்டியே சகலைக்கு உளவு சொல்கிறாள். இதில் அவளுக்கு என்ன லாபம் என்றுதான் பிடிபடவில்லை.

கேட்கவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. அதையும் சொல்லவில்லை.

ஜனவரி 1, புதன்

காலையில் இடது கை மரத்துப்போனது போலிருந்தது. ஒருக்களித்துப் படுத்ததுதான் காரணம். அதை உதறிக்கொண்டிருந்ததை வடிவு பார்த்துவிட்டாள்.

"ஒரே ஒரு தடவ டாக்டர்ட்ட போய் ஈசிஜி எடுத்துட்டு வந்துருவோம். வருசம் பொறந்துருக்கு. என் மனசுக்காவ வாங்க."

நான் கத்திவிட்டேன். என் அண்ணன் ஆறுமுகமும் 'சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு' என்றுதான் போனான். நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் இருந்திருப்பான். இது அவளுக்கும் தெரியும்.

"அத்தான் முந்தியே போயிருந்தா இருந்திருப்பாவ" என்றாள்.

நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

பல் டாக்டர் பெண்ணும் அன்றைக்கு ஈசிஜி என்றுதான் சொன்னாள். பல்லுக்கும் ஈசிஜிக்கும் என்ன சம்பந்தம்? எல்லாரும் சேர்ந்து பேசி வைத்ததுபோலச் சொல்கிறார்கள்.

ஜனவரி 7, செவ்வாய்

அலாரம் அடிக்கவில்லை. யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

ஜனவரி 9, வியாழன்

வலது கால் ஷூவைக் காணவில்லை. வீடெல்லாம் தேடி, கடைசியில் பரணில் பித்தளை அண்டாவுக்குள் இருந்தது. "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்கிறாள் வடிவு. ஏணி இல்லாமல் நானே ஏற முடியாத பரணுக்கு, என் பத்தாம் நம்பர் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற எலி.

ஜெயிக்க விடக்கூடாது என்று முடிவே செய்துவிட்டாளா? சண்டை போடுவோமா என்று நினைத்தேன். ஆனால் எலி என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லிப் பிடிபட்டவள் அசடு வழிவாள், அழ மாட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோமதிநாயகமும் கொழுந்தியாளும் கரும்போடு வந்தார்கள். அவர்கள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகையும் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவன் என்னைத் தனியாக வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணாச்சி, ஓடும்போது எங்கயாச்சும் வலிக்கா?"

"ஒண்ணும் இல்லையே."

"தாடைல? கையில? முதுகுல?"

"ஏன், நீ என்ன டாக்டரா?"

அவன் வாசல் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு, "இந்த வருசம் ரெண்டு பேரும் ஓட வேண்டாம் அண்ணாச்சி. எனக்கும் முட்டி சரியில்ல. நான் வரல, நீங்களும் வராதீங்க. காதுகுத்துல நான் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க. இப்படி ஆகும்னு நினைக்கல" என்றான்.

பயந்துவிட்டான்! எனக்குப் பொங்கலைவிட அதுதான் இனித்தது. முட்டி சரியில்லை என்றவன் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனதையும் பார்த்தேன். ஆனால் உள்ளே வந்தபோது அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். கொழுந்தியாள், "சொல்லிரட்டா அக்கா?" என்று கேட்டது போலிருந்தது. "கல்யாணம் முடியட்டும்" என்று வடிவு சொன்னது போலவும் இருந்தது.

எதைச் சொல்ல? யாருக்கு?

ஜனவரி 19, ஞாயிறு

கடைசிப் பெரிய பயிற்சி. முதல் சுற்றிலேயே வலி வந்தது. தாடை, தோள், கை எல்லாம். அரைச்சுற்று நடந்தேன், போகவில்லை. இன்னொரு அரைச்சுற்று நடந்தபிறகுதான் போயிற்று. வியர்வை குளிராக இருந்தது. காலையில் சாப்பிடாதது காரணமாக இருக்கும்.

அடுத்த சுற்றுக்குத் தயாரானபோது வடிவு பின்னால் 'ஐயோ' என்று உட்கார்ந்துவிட்டாள். கால் பிசகிவிட்டதாம். ஓடிப் போய்ப் பார்த்தேன். வலது கால் என்றாள். நான் ஷூவைக் கழற்றப் போனதும் இடது காலை நீட்டினாள்.

"எந்தக் கால்?"

"ரெண்டும்தான்."

தேய்த்துவிட்டேன். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. தேய்க்கிற என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருந்தாள்.

ஜனவரி 25, சனி

நாளை ஓட்டம். வடிவு, "மெதுவாப் போங்க. என்ன?" என்றாள். சரி என்றேன். கோமதிநாயகமும் ஓட வருகிறானாம். முட்டி சரியாகிவிட்டதாம்.

ஜனவரி 30, வியாழன்

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். எழுதலாம், அதிகம் பேசத்தான் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது விளங்குகிறதா பார்க்கலாம்.

கொடியேற்றி முடிந்ததும் ஓட்டம் தொடங்கியது. கோமதிநாயகம் என் வலது பக்கம். முந்திக்கொண்டு போவான் என்று நினைத்தேன், போகவில்லை. நான் வேகம் கூட்டினால் கூட்டினான், குறைத்தால் குறைத்தான். வடிவு வழக்கம்போலப் பின்னால். நடுவில் என்னைக் கட்டி இழுத்துப் போவதுபோல இருவரும் வந்தார்கள். எரிச்சலாக இருந்தது. "போயேம்பா, ஏன் ஒட்டிக்கிட்டு வாற?" என்றேன். "ஒங்க கூடத்தான் அண்ணாச்சி ஓடணும்" என்றான்.

கடைசியில் வண்ணார்பேட்டை மேம்பாலம். ஏறி இறங்கினால் முடிவுக்கோடு. இவனை விடக்கூடாது என்று ஏற்றத்தில் என் முழு பலத்தையும் போட்டேன். பாலத்தின் பாதியில் வலி வந்தது. இந்தத் தடவை பல்லில் தொடங்கவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஓடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் நடந்துகொண்டிருந்தது.

கோமதிநாயகம் என் கையைப் பிடித்தான்.

"பல்லு வலிக்கா அண்ணாச்சி?"

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கும் பல்லுன்னுதான் நெனச்சேன். மூணு மாசம் கிராம்பு வச்சுக் கடிச்சேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் மெட்ராசுக்கு யாவாரமாப் போனேன்னு சொன்னேம்லா? யாவாரம் இல்ல. ஆஸ்பத்திரில கெடந்தேன். அடைச்ச ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க நேரம்னு யாருக்கும் சொல்லல. வடிவு மயினிக்கு மட்டும்தான் தெரியும். நில்லுங்க அண்ணாச்சி."

எனக்கு அவன் சொன்னது பாதி ஏறியது, பாதி ஏறவில்லை. கீழே மைக்கில் பெயர் வாசிப்பது கேட்கிறது. முடிவுக்கோட்டின் பலூன் வளைவு தெரிகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இனி இறக்கம்தானே என்றுதான் ஓடிற்று மனசு. இவன் என்னை நிறுத்தப் பார்க்கிறான் என்றும் தோன்றியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது. கையை உதறிவிட்டு நகர்ந்தேன். அவன் என்னைத் தாண்டி ஓடிப்போய், நடுரோட்டில் எனக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே விலகி ஓடினார்கள். நான் அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து வடிவின் குரல்.

"ஏ மனுசா! உக்காரும்!"

இருபத்தேழு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பாலமே நின்றதுபோல இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், யாரோ வேகமாகப் பேசினார்கள். பெரிய ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு, நூலளவுதான் வழி இருந்ததாம். அன்றே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஓடும்போது இதயம் அதிக ரத்தம் கேட்கும். வழி இல்லாததால் வலிக்கும். நின்றால் கேட்பது குறையும், வலி போய்விடும். அது தாடையிலும் வரும், கையிலும் வரும். "வாராவாரம் ஒங்க ஹார்ட் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு சார்" என்றார்.

வடிவிடம் கேட்டேன். போனில் அவனிடம் என்ன பேசினாள் என்று. எனக்கு என்னென்ன செய்கிறது என்று அவனிடம் சொல்வாளாம். தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று அவன் சொல்வானாம். என்னை எப்படி டாக்டரிடம் கொண்டுபோவது என்று இரண்டு பேரும் வழி தேடினார்களாம்.

"அவனுக்கு இருந்துதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"தங்கச்சி தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. பிள்ள கல்யாணம் நின்னுரும்னு பயம். ஒங்க உயிரா அவ பிள்ள வாழ்வான்னு நான் கெடந்து லோல்பட்டது எனக்குத்தான் தெரியும்."

"வேகமா ஓடத் தெரிஞ்சவ, பின்னாலயே ஏன் ஓடுன?"

அவள் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"முன்னால ஓடுனா, நீங்க விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வீடு. உப்பில்லாத கஞ்சி. கோமதிநாயகம் வந்தான். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தனக்கு ஸ்டென்ட் வைத்ததை அவனே சொல்லிவிட்டானாம். பாலத்தில் அவன் சொன்னது அவ்வளவு பேர் காதில் விழுந்த பிறகு மறைத்துப் பயனில்லை. "என்ன சொன்னாங்க?" என்றேன். மாப்பிள்ளையின் அப்பா சட்டையைத் திறந்து தன் பைபாஸ் தழும்பைக் காட்டினாராம். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சர்க்கரை இல்லாத காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

சிரித்தேன். சிரிக்கும்போது நெஞ்சில் ஒன்றும் செய்யவில்லை. பயந்துகொண்டேதான் சிரித்தேன்.

அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "முட்டி எப்படி இருக்கு?" என்றுதான் வந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அரைமணி நேரம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைதானத்துக்குப் போனோம். வடிவு என் பக்கத்திலேயே, என் நடைக்குத் தன் நடையைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள்.

பாதிச் சுற்றில் கேட்டாள். "நான் அன்னிக்குச் சத்தம் போடலன்னா நின்னிருப்பியளா?"

"நின்னிருப்பேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

இந்த நாலு வாரமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான். பாலத்தில் கோமதிநாயகத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தவன் நான்தானே. எனக்குப் பதில் தெரியவில்லை.

"நீ ஓடு வடிவு" என்றேன். "நான் இங்கனதான் நடந்துக்கிட்டு இருப்பேன்."

"வேண்டாம்."

"ஓடுங்கேன்."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். இவ்வளவு நாளும் எனக்குப் பின்னால் ஓடியவள் எப்படி ஓடுகிறாள் என்று இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். தோள் அசையவே இல்லை. கால் தரையில் படுகிற சத்தமே கேட்கவில்லை. முதல் சுற்றில் என்னைக் கடக்கும்போது முகத்தைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டாம் சுற்றிலும் பார்த்தாள். மூன்றாம் சுற்றில் பார்க்காமலே தாண்டிப் போனாள்.

அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, ஒரு மாதிரி இருந்ததா என்று வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் சொல்லத் தெரியவில்லை.